கூடும் என்றால் எவ்வளவு கூடும்?

அன்பு மகள் நூருக்கு, வாப்பாவின் சலாம்.

நேற்று நீ பாளையங்கோட்டையிலிருந்து போன் செய்தாய். தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய நிலையத்தில் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அங்கேயும் விவசாயிகளுக்கு வானிலை பார்த்து ஆலோசனை சொல்லும் வேலைதான், ஆனால் இங்கே பார்ப்பதைவிடப் பல மடங்கு பெரிய பரப்பு, இந்த வாரத்துக்குள் பதில் சொல்லவேண்டும் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, "போகட்டா வாப்பா?" என்று கேட்டாய். நான் "இன்ஷா அல்லா, பாப்போம்" என்றேன். உடனே உன் குரல் இறங்கிவிட்டது. "சரி வாப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் ஒருத்தர் "இன்ஷா அல்லா, பாப்போம்" என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்தத் தாமிரபரணிக் கரையில் யார் இருக்கிறார்கள்? அந்தச் சொல்லால் நாம் பட்ட பாடு கொஞ்சமா? அதையே உன்னிடமும் சொல்லித் தொலைத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் கூப்பிட்டால் உம்மா கரண்டியோடு பக்கத்தில் வந்து நிற்பாள், நான் மறுபடியும் எதையாவது உளறுவேன்.

விஷயத்தைச் சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம் சொன்னேன். உனக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், நம் வாழைத் தோட்டத்துக்கும் அவர் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான், உனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து இப்போது ஓய்வு பெற்றவர். தெரியாதவர்கள் எங்கே வந்தார்கள் என்று கேட்பாய். அண்ணாச்சிதான் சொன்னார், "எழுதும்வே. நம்ம விவசாயிகள் குழு மடல்லயும் போட்டுருவோம். உம்ம மவ குரல் கேக்காத வீடு இந்தப் பக்கம் ஏது? நீரு அவளுக்கு எழுதுததை நாங்களும் படிக்கணும்லா" என்று. எனக்கும் சரி என்று பட்டது. மடல் அச்சாவதற்கு முன்னால் அவரே இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுவார். ஊருக்கே தெரிந்த கதையை மறுபடி எழுதுகிறேனே என்று நினைக்காதே. உனக்குத் தெரியாத இரண்டொரு சங்கதியும் இதில் இருக்கிறது.

நீ வேலைக்குச் சேர்வதற்கு முன்னாலும் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் அந்த ஆலோசனை வந்துகொண்டுதான் இருந்தது. போனில் எழுத்தாக வரும். யார் படித்தார்கள்? 'சம்பா பயிருக்கு மேலுரம் இடலாம்' என்று இருக்கும். சம்பா தஞ்சாவூர்க்காரர்கள் சொல். நெல் பட்டம் என்றால் நமக்குத் தெரிந்தது காரும் பிசானமும். "இது யாருக்கோ போவ வேண்டியது, தப்பி நமக்கு வந்துட்டு" என்று நம் ஆட்கள் அழித்துவிடுவார்கள். நீ போய்ச் சேர்ந்த உடனே சம்பாவைப் பிசானமாக மாற்றினாய். எழுத்தோடு நிற்காமல் உன் குரலிலேயே பேசி வாட்ஸப்பில் அனுப்பினாய். அந்த முதல் செவ்வாய்க்கிழமை நான் ஏரல் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் போனில் "விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம்" என்று உன் குரல்! டீ கையில் கொட்டிவிட்டது. எதிரே உரக்கடையிலும் நீ. நின்றிருந்த ஆட்டோவுக்குள்ளும் நீ. மூன்று இடத்திலும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நீ வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். சுட்டது தெரியவில்லை. "எம்மவளாக்கும், எம்மவளாக்கும்" என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டே நிற்கிறேன், அவர் துணியைத் தூக்கி என்னிடம் போட்டு, "மவதான் பாய், முதல்ல கையத் தொடையும்" என்கிறார்.

அன்றைக்கு நீ சொன்னது, 'மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மிதமான மழை பெய்யக்கூடும்' என்பது. உடனே கடையில் வழக்கு ஆரம்பித்துவிட்டது. "அந்த ஒண்ணு புன்னக்காயல், இன்னொண்ணு சாத்தான்குளம். நமக்கு இல்ல" என்றார் ஒருவர். "சாத்தான்குளத்துக்கு எங்கவே மழை வந்துச்சு, கொற்கையா இருக்கும்" என்றார் இன்னொருவர். ஆக மொத்தம் ஏரலில் நின்ற ஒருத்தருக்கும் அந்த ஓரிரு இடம் ஏரலாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. நான் உன்னிடம் இதைச் சொன்னபோது, சாத்தான்குளத்தில் அதை 'ஏரல்காரங்களுக்குச் சொன்னது' என்று பேசிக்கொள்கிறார்களாம் என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

அந்தச் சனிக்கிழமை நீ வீட்டுக்கு வந்தாய். எனக்குள் பெருமை ஒரு பக்கம், ஒரு குறை ஒரு பக்கம். நாளை நடக்கப்போகிற எதையும் நாம் இன்ஷா அல்லா, அதாவது அல்லா நாடினால் என்று, சேர்க்காமல் பேசுவதில்லை. நாளைக்கு மீன் வாங்கவேண்டும் என்றால்கூட உம்மா அதைச் சேர்த்துத்தான் சொல்வாள். நம் வீட்டுப் பிள்ளை நாளைய மழையைப் பற்றி ஊருக்கெல்லாம் பேசுகிறது, அந்தச் சொல் இல்லாமலா? பையக் கேட்டேன். "ஏளா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு இன்ஷா அல்லா சொல்லப்படாதா?"

நீ சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்தாய். "எல்லா வீட்டுலயும் கேக்குத செய்தி வாப்பா. ஆனா 'மழை பெய்யும்'னு நான் ஒரு நாளாவது சொல்லியிருக்கேனா? பெய்யக்கூடும்னுதானே சொல்லுதேன். அந்தக் 'கூடும்'லயே இருக்கு வாப்பா. எங்களுக்குத் தெரிஞ்சது இவ்வளவு, மிச்சம் எங்க கையில இல்லன்னுதான் அதுக்கு அர்த்தம்."

எனக்குப் புல்லரித்துவிட்டது, நூரு. படித்த பிள்ளைகள் இந்தச் சொல்லையெல்லாம் மறந்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தவன் நான். நீயோ செய்தியைக் கேட்கிற எல்லோரும் தங்கள் தங்கள் நம்பிக்கையை வைத்துக்கொள்ள அந்த ஒரு சொல்லில் இடம் விட்டிருக்கிறாய். மறுநாளே வரப்பில் நின்று அண்ணாச்சியிடம் அளந்தேன். அவர் கணக்கு வாத்தியார் அல்லவா, அவருக்கு வேறு கவலை. "அதெல்லாம் சரிவே. கூடும்னா எவ்வளவு கூடும்? கூட்டிக் கழிச்சு ஒரு விடை சொல்லச் சொல்லும் உம்ம மவளை. விடை எழுதாத பேப்பருக்கு நான் மார்க் போட்டதில்ல" என்றார். நான் அவரை அறிவில்லாதவர் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பின்னால்தான் தெரிந்தது, எல்லோருக்கும் இருந்த கேள்வியை அவர் ஒருத்தர்தான் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார்.

பிறகு வந்தது போன வருஷத்துச் சித்திரை. வாழையெல்லாம் குலை தள்ளி நிற்கிறது. செவ்வாய்க்கிழமை நீ பேசினாய்: இடிமழையின்போது பலத்த காற்று வீசக்கூடும், குலை தள்ளிய வாழைகளுக்கு முட்டுக் கொடுக்கவும் என்று. மறுநாள் காலையில் நான் ஏரல் வாழைக்காய் மண்டிக்குப் போனேன். அங்கே இதே பேச்சு. "என்ன பாய், உம்ம மவ காத்து வருமா வராதான்னு உடைச்சுச் சொல்லல்லியே?" என்று ஒருவர் கேட்டார். எனக்குச் சொல்லித்தரவா வேண்டும்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கூடும்னா லேசுப்பட்ட சொல்லு இல்லவே. எங்க இன்ஷா அல்லா மாதிரியாக்கும்" என்றேன்.

மண்டியே கொல்லென்று சிரித்தது. "அதை முதல்லயே சொல்லப்படாதா பாய்! எங்க வீட்டுக் காதுகுத்துக்குக் கூப்பிட்டேன், இன்ஷா அல்லா வாரேன்னீரு. வந்தீரா?" என்றார் கேட்டவர். "எங்க புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கும் அதே இன்ஷா அல்லாதான்" என்றார் அடுத்தவர். "அப்ப காத்தும் வராது, எந்திரிங்கவே, சோலியப் பாப்போம்." கூட்டம் கலைந்துவிட்டது. அண்ணாச்சியும் அங்கே இருந்தார், அவரும் சிரித்துக்கொண்டே கிளம்பினார். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? படைத்தவன்மேல் பாரத்தைப் போட்டு மனசாரச் சொல்லவேண்டிய சொல், நாம் அதை முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, நைஸாக நழுவுவதற்குப் பயன்படுத்திப் பழகிவிட்டோம். ஊரும் அப்படியே புரிந்துவைத்திருக்கிறது. நான் மட்டும் வீட்டுக்கு வந்து கம்பு வாங்கி முட்டுக் கொடுத்தேன். அறிவு என்று நினைத்துவிடாதே. சனிக்கிழமை நீ வந்து கேட்பாயே என்ற பயம்தான்.

வியாழக்கிழமை உச்சி சாய்ந்ததும் மேற்கே கறுத்தது. கொஞ்ச நேரக் காற்றுதான், ஆனால் என்ன காற்று! அடங்கியதும் ஓடினேன். நம் தோட்டம் இலை கிழிந்து நின்றது. வரப்புக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சியின் வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. அவர் தோட்டம் இருந்த இடத்தில் அப்பால் இருக்கிற ரோடு தெரிந்தது. என் வாழை நிற்பதே எனக்கு அசிங்கமாக இருந்தது. மண்டியில் சிரித்த பாதிப் பேருக்கும் இதே கதிதான். அன்று சாயங்காலமே பேச்சு கிளம்பிவிட்டது. "மவ வாப்பாகிட்ட மட்டும் உள்ளதைச் சொல்லிட்டா. நமக்குக் கூடும் கீடும்னு மழுப்பிட்டா." என் காதுபடவே சொன்னார்கள். என்னைச் சொன்னால் துடைத்துப் போட்டுவிடுவேன். உன்னைச் சொன்னது பொறுக்கவில்லை.

சனிக்கிழமை நீ பையைக்கூட இறக்காமல் நேரே அண்ணாச்சி தோட்டத்துக்குப் போனாய். நான் பின்னாலேயே வந்தேன். அவர் விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"சார், செவ்வாக்கெழமை நான் பேசுனதைக் கேட்டியளா?"

"கேட்டேம்மா. ரெண்டு தடவ கேட்டேன்."

"பெறகு ஏன் சார் முட்டுக் கொடுக்கல?"

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். "உங்க வாப்பாதாம்மா சொன்னாரு, கூடும்னா இன்ஷா அல்லான்னு. அவரு இன்ஷா அல்லா சொல்லி எது நடந்திருக்கு?"

நீ என் பக்கம் திரும்பினாய். அந்த முறைப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அப்புறம் உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாய், முடியவில்லை. அண்ணாச்சிக்கும் வந்துவிட்டது. அவ்வளவு அழிவுக்கு நடுவில் நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள், நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறேன். பிறகு நீ அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாய். "நான் சொன்னது சரிதான் வாப்பா. சரியாச் சொல்லி யாருக்கு என்ன பிரயோசனம்? இந்த வேலையே வேண்டாம்" என்றாய். பிறகு நீயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாய். "சார், ஒருவேளை நீங்க முட்டுக் கொடுத்து, காத்து வராமப் போயிருந்தா உங்களுக்கு என்ன போயிருக்கும்?"

"என்ன போவும்? ஒரு நாள் கூலி. கம்பு எங்க போவுது, அடுத்த வாழைக்கு ஆகும்."

"இதை நான் சொல்லவே இல்லையே சார்" என்றாய். அழுத முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அடுத்த பஸ்ஸிலேயே பாளையங்கோட்டைக்குக் கிளம்பிவிட்டாய். உம்மா உனக்காக ஆக்கிவைத்த குழம்பை நானும் அண்ணாச்சியும் சாப்பிட்டோம்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து உன் பேச்சு மாறிவிட்டது. மழை பெய்யக்கூடும் என்பது மாறவில்லை, அது மேலிருந்து வருகிற கணிப்பு, அதில் நீ கைவைக்கவில்லை. அதற்குப் பின்னால் வருகிற ஆலோசனையைத்தான் மாற்றினாய். "இன்னைக்கு யூரியா போடவேண்டாம். மழை வந்தால், போட்ட உரம் தண்ணியோட போயிரும். வராவிட்டால், ரெண்டு நாள் கழிச்சுப் போட்டுக்கிடலாம், பயிருக்கு ஒண்ணும் ஆயிராது." வந்தால் இப்படி, வராவிட்டால் இப்படி. இதோடு, "பத்துக்கு ஆறு பங்கு வாய்ப்பு, பத்துக்கு எட்டுப் பங்கு வாய்ப்பு" என்று கணிப்பில் உள்ள நிச்சயத்தையும் சொல்ல ஆரம்பித்தாய். அண்ணாச்சிக்கு அன்றைக்குத்தான் மனசு ஆறியது. "இப்பத்தாம்வே விடை எழுதியிருக்கா" என்றார். டீக்கடையில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. "பஸ்ஸு வந்தா ஏறும், வராட்டா இன்னொரு டீ குடியும்" என்கிறார் கடைக்காரர். கேலியாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் கேலி செய்கிற வாய்க்கு அது பழகிவிட்டது, பழகிய பிறகு மூளைக்கும் பழகிவிட்டது. உரக்கடையில் ஒருவர் மூட்டையைத் தூக்கப் போனவர் அப்படியே இறக்கிவைத்துவிட்டு, "வராட்டா நாளக்கழிச்சு எடுத்துக்கிடுதேன்" என்று சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன்.

இப்போது மாசி அறுப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த வாரம் நீ வீட்டுக்கு வராமல் நிலையத்திலேயே இருந்தாய், இங்கே நடந்ததை நீ பார்க்கவில்லை. நோன்பு மாதம். பிசான நெல் முற்றி நிற்கிறது, வயலெல்லாம் பொன். வெள்ளிக்கிழமை உன் குரல்: "ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யக்கூடும், பத்துக்கு ஏழு பங்கு வாய்ப்பு. முற்றிய நெல்லை அறுத்துவிடலாம். மழை வந்தால், சாய்ந்த நெல்லை மிஷின் அள்ளாது, வயல்லயே முளைச்சிரும். வராவிட்டால், முன்கூட்டி அறுத்ததால ஈரமா இருக்குத நெல்லை இன்னும் ஒரு நாள் காயப் போடணும், அவ்வளவுதான்." மாசியில் மழையா என்று நானே வானத்தைப் பார்த்தேன். ஒரு துண்டு மேகம் கிடையாது. முந்தி என்றால் ஆளாளுக்குச் சிரித்திருப்பார்கள். இந்தத் தடவை அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டேன்வே. அறுக்குததுதான் கணக்கு" என்று சொல்லிக்கொண்டே அறுப்பு மிஷின்காரர்களைப் பிடித்து, யார் வயல் முதலில், யார் வயல் அடுத்து என்று வரிசை போட்டார். சண்டை வரும் என்று பயந்தேன். வரவில்லை. முற்றாத வயல்காரர்கள் விட்டுக்கொடுத்தார்கள். தார்ப்பாய் இல்லாதவர்களுக்கு மண்டியிலிருந்து தார்ப்பாய் வந்தது. நான் நோன்பு வயிற்றோடு வயலுக்கும் களத்துக்கும் ஓடுகிறேன், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், களைப்பே தெரியவில்லை. இரண்டு நாளும் மிஷின் சத்தம் ஓயவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வருகிறேன், கடைசி வயல் ஓடிக்கொண்டிருக்கிறது. மேற்கே லேசாகக் கறுத்தது. எல்லோரும் மிஷினையே பார்க்கிறோம். மிஷின் வரப்பில் ஏறியது, கடைசி மூட்டைமேல் தார்ப்பாய் விழுந்தது, கல்லை எடுத்து ஓரத்தில் வைத்தோம், நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, அப்போது அறைந்தது பார், மழை! அப்படி ஒரு மழை! அறுத்துவிட்ட வெறும் தாள்கட்டைமேல் கொட்டுகிறது. ஒருத்தராவது ஒதுங்கவேண்டுமே? யாரும் ஒதுங்கவில்லை. வயசானவர்கள் எல்லாம் நனைந்துகொண்டே நின்று "வந்துட்டு! வந்துட்டு!" என்று கத்துகிறார்கள். அண்ணாச்சி என் தோளைப் பிடித்து உலுக்குகிறார். அவர் கண்ணாடி முழுக்கத் தண்ணீர், அதற்குள்ளே அழுகிறாரா சிரிக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. அந்தச் சத்தத்தைத்தான் யாரோ போனில் பிடித்து உனக்கு அனுப்பினார்கள். நீ அதைத் திரும்பத் திரும்பக் கேட்டதாகச் சொன்னாய். அப்புறம் பள்ளிவாசலில் எல்லோரும் ஈரத்தோடு உட்கார்ந்து நோன்புக் கஞ்சி குடித்தோம். அண்ணாச்சி இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தார். போன சித்திரையில் உன்னைப் பற்றிக் கோணலாகப் பேசியவர் எனக்கு வடையை எடுத்து வைத்து, "உம்ம மவ சொன்னா அச்சரம் பிசகாது பாய்" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆனாலும் உள்ளுக்குள் திக்கென்றது. இப்படிப் பேச ஆரம்பித்தால் அடுத்த தடவை மழை வராதபோது என்ன ஆகும்? உனக்குத் தெரியாத சங்கதி இதுதான், கேள். பெருநாளுக்குப் பிறகு நீ மறுபடியும் மழை வரக்கூடும் என்று சொன்னாய் அல்லவா, பத்துக்கு ஆறு என்று? அண்ணாச்சி களத்தில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. அள்ளி உள்ளே வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். மழை வரவில்லை. ஒரு பொட்டு விழவில்லை. மறுநாள் நான் பயந்து பயந்துதான் டீக்கடைக்குப் போனேன், யார் என்ன சொல்லப்போகிறார்களோ என்று. கடைக்காரர் டீயை நீட்டிவிட்டு, "மழை வரல்ல பாய்" என்றார். "ஆமா" என்றேன். "சரி, இன்னைக்குக் காயப்போட்டா ஆச்சு" என்று அங்கே உட்கார்ந்திருந்த அண்ணாச்சி எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான், நூரு. ஒருத்தர்கூட உன்னைத் திட்டவில்லை. உன் பேரைக்கூட எடுக்கவில்லை. மாசி மழையில் நனைந்து கூத்தாடிய நாளைவிட எனக்கு அன்றைக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. வந்தாலும் நீ சொன்னது சரி, வராவிட்டாலும் நீ சொன்னது சரி என்று இந்த ஊருக்குப் புரிந்துவிட்டது. இதைத்தான் தஞ்சாவூர்க்காரர்கள் கேள்விப்பட்டு உன்னைக் கூப்பிடுகிறார்கள். சும்மாவா கூப்பிடுகிறார்கள்?

அதனால் போ. அங்கே போய் நம் ஊர்ப் பிசானத்தைப் பேசிக்கொண்டிருக்காதே. அவர்களுக்குக் குறுவை, சம்பா, தாளடி. நீ நம்மிடம் எதை மாற்றினாயோ அதையே அங்கே திருப்பி மாற்றவேண்டியிருக்கும். போன உடனே மைக்கைப் பிடிக்காமல் முதலில் கொஞ்ச நாள் டீக்கடைப் பக்கம் நின்று காதைக் கொடு. அந்த ஊரில் மாட்டேன் என்பதை மாட்டேன் என்று சொல்லாமல் எப்படிச் சொல்கிறார்கள் என்று கண்டுபிடி. ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று இருக்கும். அது தெரியாமல் நீ எவ்வளவு சரியாகக் கணித்துச் சொன்னாலும் அவர்கள் காதில் வேறு என்னவோதான் விழும். அண்ணாச்சியிடம் கேட்ட கேள்வியை அங்கேயும் போகிற இடமெல்லாம் கேள், காத்து வராமல் போனால் உங்களுக்கு என்ன போகும் என்று. யாராவது உன்னை அச்சரம் பிசகாதவள் என்று புகழ்ந்தால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடு. நேரத்துக்குச் சாப்பிடு. நீ இருந்த இடத்துக்கு வரப்போகிற பிள்ளைக்கு நம் டீக்கடைக்கு வழி சொல்லிவிட்டுப் போ.

உம்மாவுக்காகத்தான் நான் 'பாப்போம்' என்று இழுத்தேன் என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று போனை வைத்ததும் உம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "எதுக்கு இழுக்கிய? புள்ள போவட்டும். அங்கன நல்ல மீனு கிடைக்குமான்னு மட்டும் கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். ஆக இழுத்தது நான்தான். சனிக்கிழமைதோறும் உன் பஸ்ஸுக்குப் போய் நிற்பது எனக்கு வழக்கமாகிவிட்டது, நூரு. இனி அந்த நேரத்துக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இன்னுமாவே எழுதுதீரு? மடல்ல வேற சங்கதிக்கும் இடம் விடும்" என்று சத்தம் போடுகிறார். அவருக்கு என்ன தெரியும்? நான் இதை முடித்துவிட்டால் நீ கிளம்பிவிடுவாய். அதனால்தான் இவ்வளவு நேரம் எழுதினேன். சரி, முடித்துவிட்டேன். போய்ட்டு வா, மகளே.